ஆயா சொல்வது, காகிதம் சொல்வது, கல் சொல்வது

ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிள்ளைகள் மூவேந்தர் பெயர், கொடி, சின்னம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் போன வாரம் ஒரு பையன், 'ராஜராஜ சோழனும் திப்பு சுல்தானும் சண்டை போட்டாங்களா மிஸ், யார் ஜெயிச்சது?' என்று கேட்டான். இந்த வயதுக்கு வரலாறு புரியுமா? புரியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? வெளியூர் கூட்டிப்போகப் பணமும் இல்லை."

அந்தப் பையனை நினைத்து வருத்தப்படாதீர்கள் டீச்சர். அவனுக்கு இரண்டு பெயர் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் ராஜா என்று தெரிந்திருக்கிறது. ராஜா என்றால் சண்டை போடுவார் என்றும் தெரிந்திருக்கிறது. தெரியாதது ஒன்றுதான். இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட 800 ஆண்டு கிடக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 800 என்பது கணக்கு நோட்டில் எழுதுகிற எண், அவ்வளவே. அதை அவன் காலால் நடந்து பார்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆம்பூர், குடியாத்தம், கடைசியாக வாலாஜா என்று 33 வருஷம் தொடக்கப் பள்ளிகளில்தான் இருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன், இந்த வயதுக்கு வரலாறு நன்றாகவே புரியும். ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் புரியாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை 'நேத்து தீபாவளிக்கு' என்று சொல்லும், தீபாவளி முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். மூன்றாம் வகுப்பில் ஆயா முதலில், அம்மா அடுத்து, நான் கடைசி என்று வரிசை வைத்துவிடும். ஐந்தாம் வகுப்பு முடியும்போதுதான் நூற்றாண்டு என்ற சொல் கொஞ்சம் பிடிபடும். ஆனால் ஒரு விஷயம் மட்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவர்களிடம் இருக்கிறது, அதுதான் வரலாற்றுக்கு ஆணிவேர். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். வேலூர்க் கோட்டையை 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர ராஜாக்கள் காலத்தில் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்ப நீங்க இருந்தீங்களா டீச்சர்?" என்றாள். வகுப்பு சிரித்தது. "உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், அந்த வருஷம் முழுக்க வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டது கிண்டல் இல்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. இருந்து பார்க்காத ஒன்றை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பதுதான் அவள் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் வரலாற்றுப் பாடம். அந்தப் பதிலை விட்டுவிட்டுப் பெயரையும் ஆண்டையும் மட்டும் கொடுத்தால், ராஜராஜனும் திப்புவும் ஒரே மைதானத்தில் வந்து நிற்கத்தான் செய்வார்கள்.

அதனால் நான் செய்தது இது. கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன். ஆயா சொல்வது, காகிதம் சொல்வது, கல் சொல்வது. நம் பக்கம் பாட்டியை ஆயா என்றுதானே கூப்பிடுகிறோம், அதனால் அந்தப் பெயர். எந்தச் செய்தி வந்தாலும் அது எந்தக் கட்டத்தில் போகும் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். ஆற்காடு என்றால் ஆறு காடு என்று ஒருவன் சொன்னான். யார் சொன்னது? "எங்க ஆயா." சரி, முதல் கட்டம். 'வாலாஜா' என்பது ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் என்று புத்தகம் சொல்கிறது. இரண்டாவது கட்டம். எந்தக் கட்டமும் மட்டம் கிடையாது என்பதை மட்டும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆயா மறந்துபோகலாம், காகிதத்தில் தப்பாக எழுதியிருக்கலாம், கல் பாதி உடைந்திருக்கலாம். மூன்றும் ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூடும், அவ்வளவுதான்.

முதல் பாடத்தை ராஜாவிலிருந்து தொடங்காதீர்கள். வீட்டில் இருக்கும் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காத ஒரு பாடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டில் உள்ள பழைய காகிதத்தில் மாவட்டத்தின் பெயர் என்ன என்று பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். பத்திரம், பள்ளி டிசி, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. காகிதத்தையே கொண்டுவரச் சொல்லிவிடாதீர்கள்! நான் முதல் தடவை அப்படிச் சொல்லி, ஒரு பையன் வீட்டுப் பட்டாவைப் பைக்குள் மடித்து எடுத்துவந்து, அவன் ஆயா பள்ளிக்கூடத்துக்கே மூச்சிரைக்க ஓடிவந்தார். பார்த்து எழுதி வந்தால் போதும்.

வாலாஜா பள்ளியில் ஒரு பிள்ளை எழுதி வந்த துண்டுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "ஆயா – வட ஆற்காடு. அம்மா – வேலூர். நான் – ராணிப்பேட்டை." பக்கத்திலிருந்தவன் கேட்டான், "உங்க ஆயா எப்ப இந்த ஊருக்கு வந்தாங்க?" அவள், "வரலடா, அதே வீடு" என்றாள். பின்பெஞ்சிலிருந்து இன்னொருவன், "என் பிறப்புச் சான்றிதழ்ல வேலூர், ஐடி கார்டுல ராணிப்பேட்டை. நானே ரெண்டு மாவட்டமா டீச்சர்?" என்றான். அன்றைக்கு அந்த வகுப்பை என்னால் அடக்க முடியவில்லை, அடக்கவும் மனசில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் அவர்கள் காதில் நிற்கும். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. திருவண்ணாமலை தனியே போயிற்று. மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்து பிறகு வேலூர் ஆயிற்று. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இன்னும் பின்னால் போனால், 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். சித்தூர் மாவட்டம் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகர் ஆனது. காட்பாடி தாண்டினால் சித்தூர் பஸ் போகிறதே, அங்கே ஏன் இவ்வளவு பேர் தமிழ் பேசுகிறார்கள், இங்கே ஏன் இவ்வளவு பேர் தெலுங்கு பேசுகிறார்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ராஜ்ஜியம், எல்லை, ஆட்சி மாறுவது என்று புத்தகத்தில் பெரிய பெரிய சொல்லாக வருகிறதே, அதெல்லாம் இந்த ஒரு துண்டுச்சீட்டில் இருக்கிறது. ஆள் நகரவில்லை, எல்லை நகர்ந்தது. இது புரிந்த பிள்ளைக்குச் சோழநாடு, பல்லவநாடு என்று சொல்லும்போது ஒரு பிடி கிடைத்துவிடும். உங்கள் ஒடுகத்தூர் வேலூரிலேயே இருப்பதால் இரண்டு அடுக்குதான் கிடைக்கும். ஆனால் அம்மா வாணியம்பாடிப் பக்கமிருந்தோ போளூர்ப் பக்கமிருந்தோ வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளைகள் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களை முன்னால் கூப்பிடுங்கள்.

அடுத்து, ஆயா சொல்வதைக் காகிதத்தோடு வைத்துப் பார்க்கும் பாடம். வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டே, "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று. அதற்கு மேலும் சிலர் அடுக்குவார்கள், பிள்ளைகளுக்கு இந்த மூன்று போதும். பலகையில் எழுதிவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை சொல்லும், "கோட்டைக் கோயில்ல சாமி இருக்கே, நாங்க போய்க் கும்பிட்டோமே!" அப்படியானால் ஆயா பொய் சொன்னாரா? வகுப்பு இரண்டாகப் பிரியும். அப்போது ஒரே ஒரு தகவலைக் கொடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறையாகப் பூசை இல்லாமல் கிடந்தது, 1981-ல்தான் அங்கே மறுபடியும் லிங்கம் வைத்தார்கள். இப்போது கேளுங்கள், அந்தச் சொலவடை 1981-க்கு முன்னால் பிறந்ததா, பின்னால் பிறந்ததா?

இந்தக் கேள்விக்கு நான்காம் வகுப்புப் பிள்ளை சரியாகப் பதில் சொல்லும். நான் பார்த்திருக்கிறேன். முகத்தைக் கொஞ்சம் சுருக்கி யோசிக்கும், அப்புறம் "முன்னாடி!" என்று கத்தும். ஏன் என்று கேட்டால், "சாமி வந்தப்புறம் யாராச்சும் சாமி இல்லன்னு சொல்வாங்களா?" என்னும். ஒரு வார்த்தைத் தொடரைப் பார்த்து அது எந்தக் காலத்தது என்று சொல்வதைத்தான் பெரிய ஆய்வாளர்கள் ஓலைச்சுவடியிலும் கல்வெட்டிலும் செய்கிறார்கள். ஒன்பது வயதில் ஒரு பிள்ளை அதைத் தானே செய்துவிடுகிறது. தண்ணி இல்லாத ஆறு என்பதையும் விடாதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைக் கண்ணால் கண்டவர்கள் உங்கள் ஊரில் எத்தனையோ பேர். வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 800 ஆண்டுக்கு வருவோம். ஜியோமெட்ரி பாக்ஸில் 15 சென்டிமீட்டர் ஸ்கேல் இருக்கிறது இல்லையா, அது பத்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நைலான் கயிறு 25 மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையில் 'இன்று' என்று ஒரு அட்டை. அங்கிருந்து பிள்ளையின் வயதை அளந்தால் ஒரு ஸ்கேல்கூட வராது. ஆயாவுக்கு அறுபது வயது என்றால் ஆறு ஸ்கேல், மேசை நீளம். நாடு விடுதலையான 1947 எட்டு ஸ்கேலுக்குப் பக்கம், ஒன்றே கால் மீட்டர்கூட இல்லை. அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஆச்சரியம், ஏனென்றால் அவர்கள் மனதில் காந்தியும் சோழனும் ஒரே தூரத்தில் இருந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை 1-ஆம் தேதி ஓடியது. அது 17 ஸ்கேல். வேலூர்ப் புரட்சி நடந்த 1806, 22 ஸ்கேல், அதாவது மூன்றே கால் மீட்டர். இதுவரை எல்லாம் வகுப்பறைக்குள்ளேயே.

அதற்கப்புறம் கயிறு கதவைத் தாண்டும். தக்கோலம் போர் 949-ல். ராஜாதித்த சோழன் யானைமேல் இருந்தபடியே இறந்த போர், நம் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில்தான். அந்த அட்டையைக் கட்ட 16 மீட்டர் நடக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அது வேப்பமரத்தடி. ராஜராஜன் அட்டை அதிலிருந்து ஒரு தப்படி 'இன்று' பக்கமாக. மகேந்திரவர்ம பல்லவன் 1400 ஆண்டு என்றால் 21 மீட்டர், பள்ளிக்கூட கேட். திப்பு அட்டையை ஒரு பிள்ளை வகுப்பறைக்குள் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், ராஜராஜன் அட்டையை இன்னொரு பிள்ளை வேப்பமரத்தடியில் பிடிக்கட்டும். உங்கள் பையனை நடுவில் நிற்கவைத்து, "இப்ப சொல்லு, இவங்க ரெண்டு பேரும் சண்டை போட முடியுமா?" என்று கேளுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அட்டைகளை அள்ளிக் கட்டாதீர்கள். ஒரு வருஷத்துக்கு எட்டுப் பத்து போதும். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது நாலு ஆண்டு நெஞ்சில் நின்றால் போதும் என்பது என் எண்ணம். சட்டை மாட்ட ஆணி வேண்டும், ஆனால் சுவர் முழுக்க ஆணி அடிக்கக் கூடாது.

கல் சொல்வது என்ற கட்டத்துக்கு நம் மண்ணில் குறைவே இல்லை. சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து செய்த கோயில் இருக்கிறது. பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடியில், ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காகக் கட்டிய கோயில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை மட்டும் தெரிந்த பிள்ளையிடம், அதே ராஜா நம் காட்பாடிப் பக்கத்தில் தாத்தா நினைவாக ஒரு சின்னக் கோயில் கட்டியிருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். தாத்தாவுக்காக என்றதும் முகம் மாறும். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் தோண்டியபோது புதிய கற்கால மனிதர்கள் வைத்திருந்த கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கொள்ளு ரசம் குடிக்காத பிள்ளை நம் பக்கம் உண்டா!

ஆனால் எனக்கு ஒரே ஒரு கல்லைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எடத்தனூர் நடுகல்லைச் சொல்வேன். செங்கம் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. பழைய வட ஆற்காட்டு மண், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். எடத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற இளைஞன் எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்டதைச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. கோவிவன் என்ற நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் கல்லின் படத்தை மட்டும் வரைந்து காட்டுங்கள். ஒரு ஆள், கையில் ஆயுதம், பக்கத்தில் ஏதோ ஒரு மிருகம். என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகள் ஊகிக்கட்டும். வேட்டை என்பார்கள், நரி என்பார்கள், சினிமாவில் பார்த்ததை எல்லாம் சொல்வார்கள். எல்லாவற்றையும் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கல்லில் இருக்கும் சேதியைச் சொல்லுங்கள். எந்த ஊகம் நின்றது, எது அடிபட்டது என்று அவர்களே அடித்துவிடட்டும். நாயின் பெயரைச் சொல்கிற நொடியில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். 1400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயர் நமக்குத் தெரியும்! ராஜா பெயர் இருக்கிற அதே கல்லில் நாய் பெயரும் இருக்கிறது. ஒரு பெண், "எருமைக்குப் பேர் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் வீட்டில் எருமை உண்டு, அதற்குப் பெயரும் உண்டு. அன்றைக்கு மத்தியானம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நடுகல் வரைந்தது. கோழி குஞ்சைக் காக்கப் பருந்தோடு சண்டை போட்டது, தெருவில் தண்ணீர் லாரி ஏறிச் செத்த நாய், கிணற்றில் விழுந்த தம்பியைத் தூக்கிய மாமா. யார், எங்கே, எதற்காக, எப்போது, இந்த நாலும் கல்லில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் வைத்த விதி. கட்டுரை எழுத வராத பிள்ளைகூட அந்த நாலு வரியை எழுதியது.

அடுத்து 1806 வேலூர்ப் புரட்சி விஷயம். வேலூர்க்காரப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மக்கான் அருகே நினைவுத் தூணைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். ஆனால் இதைச் சினிமாச் சண்டையாகச் சொல்லிவிடக் கூடாது. நான் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னேன். மறுநாள் ரீசஸில் பையன்கள் வெள்ளைக்காரன் வேஷம் போட்ட ஒரு ஒல்லிப் பையனை நிஜமாகவே அடித்துவிட்டார்கள், உதடு கிழிந்தது. பிள்ளைகள் நாம் சொன்னதைத்தான் விளையாடுகிறார்கள்.

அப்புறம் நான் தலைப்பாகையிலிருந்து தொடங்கினேன். வெள்ளைக்காரக் கும்பெனிப் படையில் சிப்பாய் வேலைக்குப் போனவர்களிடம் நெற்றியில் குறி வைக்காதே, காதில் கடுக்கன் போடாதே, தாடியை எடு, தோல் குஞ்சம் வைத்த இந்தப் புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு வந்தது. இந்துவுக்கும் பிடிக்கவில்லை, முஸ்லிமுக்கும் பிடிக்கவில்லை. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. இதுவரை சொல்லிவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சம்பளம் போய்விடுமே என்று சில பிள்ளைகள் சொல்லும். வீட்டில் பணக்கஷ்டம் பார்த்த பிள்ளைகள்தான் அப்படிச் சொல்லும், அந்தப் பதிலைத் தள்ளிவிடாதீர்கள். அன்றைய சிப்பாய்களுக்கும் அந்தப் பயம் இருந்துதானே இருக்கும்.

பிறகு கோட்டைக்குள்ளே திப்புவின் பிள்ளைகளும் குடும்பமும் காவலில் இருந்ததைச் சொல்லுங்கள். ஜூலை 9-ஆம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். 10-ஆம் தேதி விடிவதற்குள் இரவு இரண்டு மணி வாக்கில் சுட ஆரம்பித்தார்கள். கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்தது, மைசூர்க் கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் சேதி அனுப்ப, அங்கிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப் படையோடு வந்து காலை ஒன்பது மணி வாக்கில் சேர்ந்தார். அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே ஒரு கணக்கைப் போடவைக்கலாம். வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். போன் இல்லை. சேதி போக எவ்வளவு நேரம், படை கிளம்பி வர எவ்வளவு நேரம்? பஸ்ஸில் அந்தச் சாலையில் போன பிள்ளைகள் உடனே கணக்கில் இறங்கிவிடுவார்கள். ஒருவன் கேட்டான், "அந்தச் சேதி கொண்டு போனவரு வழியில கீழ விழுந்திருந்தா?" எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

செத்தவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில். பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட சங்கதிகளைத் தொடக்கப் பள்ளியில் சொல்ல வேண்டியதில்லை. உயிர் போனது, தண்டனை கொடுமையாக இருந்தது என்பது போதும். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சென்னை கவர்னர் பென்டிங்க்கையும் தளபதி கிரடாக்கையும் இங்கிலாந்துக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வடக்கே சிப்பாய்கள் எழுந்த 1857-க்கும் ஒரு அட்டையைக் கயிற்றில் கட்டச் சொல்லுங்கள். இரண்டில் எது 51 வருஷம் முந்தியது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதே கோட்டையில்தான் இலங்கையில் இருந்த கண்டி நாட்டின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் சிறை இருந்து 1832-ல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவர் நினைவிடம். இதைச் சொன்னால் 'ராஜா இல்லாத கோட்டை' என்ற சொலவடையைப் பற்றி மறுபடியும் ஒரு விவாதம் வரும், வரட்டும்.

இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம். குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்வது எல்லோரும் செய்வது. அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர் என்று மரம் வரையச் சொல்வோம். ஒரு வருஷம் ஒரு பிள்ளை வெறும் தாளைக் கொடுத்தது. கேட்டேன், பேசவில்லை. அதன் அப்பா போனது எப்படி என்று பிறகுதான் தெரிந்தது. அன்றோடு மரம் வரைவதை நிறுத்திவிட்டேன். 'உனக்குத் தெரிந்த, வயதான ஒருவர்' என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஆயாவாக இருக்கலாம், சத்துணவு அம்மாவாக இருக்கலாம், கடைத் தாத்தாவாக இருக்கலாம். கேள்வியும் மூன்று போதும். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? பள்ளிக்கூடம் போனீர்களா? எந்த விளையாட்டு விளையாடினீர்கள்?

இப்படிக் கேட்டால் சாதியும் வரும். வராமல் இருக்காது. தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்ற கேள்விக்கே வந்துவிடும். என் வகுப்பில் ஒரு பையன், "எங்க ஆயா அந்தக் கிணத்துல தண்ணி எடுக்க மாட்டாங்களாம், யாராச்சும் மேல இருந்து ஊத்துவாங்களாம்" என்று படித்தான். வகுப்பு நிசப்தம். அந்தக் கிணறு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அந்த வீட்டுப் பிள்ளையும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள். 'சரி, அடுத்தது' என்று தாண்டினால், இதைப் பேசக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். நான் மற்றவர்கள் சொன்னதை எழுதிய அதே கட்டத்தில், அதே அளவு எழுத்தில், அவன் ஆயா சொன்னதையும் எழுதினேன். அப்படி நடந்தது தப்பு என்று சொன்னேன். கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் வந்ததைச் சொன்னேன். கயிற்றில் அந்த அட்டையை அவனையே கட்டச் சொன்னேன். கிணற்று வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதன்மேல் பழி எதுவும் இல்லை. அன்று சாயந்திரம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

வெளியூர் கூட்டிப்போவதைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். பணம் இல்லை என்றால் போக வேண்டியதில்லை, உங்கள் ஊர் ஏரிக்கரையும் மதகும் போதும். ஏரியை யார் வெட்டினார்கள், மதகுக் கல்லில் ஏதாவது எழுதியிருக்கிறதா, கடைசியாக எப்போது ஏரி நிரம்பிக் கோடி போயிற்று என்று கேட்டாலே இரண்டு வாரப் பாடம். கோட்டைக்குப் போக முடிந்தால், எல்லாவற்றையும் காட்டாதீர்கள். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரே ஒரு இடம். ஒரு குழு அகழியைப் பார்க்கட்டும், ஒரு குழு மதிலின் கல்லை, ஒரு குழு கல்யாண மண்டபத் தூண் ஒன்றை மட்டும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து வரைந்து, எழுதி, தடவிப் பார்க்கட்டும். கோயிலும் மசூதியும் சர்ச்சும் ஒரே மதிலுக்குள் இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் கைகாட்ட வேண்டாம். மியூசியம் எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

'எண்ணும் எழுத்தும்' திட்ட வேலைக்கே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே போவது என்பீர்கள். தனி நேரம் தேடாதீர்கள். நடுகல் எழுதியது தமிழ், கயிறு அளந்தது கணக்கு, துண்டுச்சீட்டு படித்தது வாசிப்பு. பாடக்குறிப்பில் அப்படியே எழுதுங்கள், ஆய்வுக்கு வருபவர் கேட்டால் கயிற்றைக் காட்டுங்கள்.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கடைசியாக ஒன்று. வருஷம் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுருட்டி ஒரு அரிசிப் பையில் போட்டு பீரோவில் வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அடுத்த வகுப்பு அதை எடுக்கும். ஒரு வருஷம் ஆகிவிட்டது, அதனால் 'இன்று' அட்டையை ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். அதற்காக அந்த முனையில் ஒரு முழம் கயிறு மிச்சம் விட்டுவையுங்கள். யார் தள்ளிக் கட்டுவது என்று அடித்துக்கொள்வார்கள், சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுங்கள்.